வேளாண் ஆராய்ச்சிக்கு முன்னுரிமை வகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024-25 மத்திய பட்ஜெட்டில் வேளாண் ஆராய்ச்சி, கல்வித் துறைக்குக் கிடைத்தது சுமார் 9,941 கோடி ரூபாய். அதே பட்ஜெட்டில் உர மானியம் 1.64 லட்சம் கோடி. அதாவது, உரத்துக்குப் போவதில் பதினாறில் ஒரு பங்குதான் ஆராய்ச்சிக்கு. அதிலும் பெரும்பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போய்விடும். மிச்சமிருப்பதை எந்தப் பயிருக்கு, எந்த நோய்க்கு, யாருடைய நிலத்துக்கு என்று பிரிப்பதுதான் முன்னுரிமை வகுக்கும் வேலை. ஒரு நெல் ரகம் உருவாகி வயலுக்கு வரவே எட்டிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். இன்று தப்பாகப் பிரித்தால், தப்பு என்று தெரியவே பத்து வருடம் பிடிக்கும். ஆகவே பட்டியலில் ஒவ்வொரு வரியையும் சேர்க்கும் முன்பு இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும். இது யாருடைய கஷ்டம்? நாம் செய்யாவிட்டால் இதை வேறு யாராவது செய்வார்களா?

மிகப் பெரிய தவறு, ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதை மட்டும் அளவுகோலாக வைப்பது. பூசா 44 நெல்லை எடுத்துக்கொள்வோம். டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1993இல் வெளியிட்ட ரகம். அவர்கள் மனதில் வைத்திருந்தது கர்நாடகம், கேரளம் போன்ற தென் மாநிலங்களை. அது வேரூன்றியதோ பஞ்சாபில். ஏக்கருக்கு 34, 36 குவிண்டால் என்று கண்ட விவசாயிகள் அதை விடவே இல்லை. ஆனால் அது நாற்றங்காலையும் சேர்த்து 155 முதல் 160 நாள் வரை நிற்கும் பயிர். நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போவதைப் பார்த்து, ஜூன் 10க்கு முன்னால் நடவு கூடாது என்று 2009இல் சட்டம் வந்தது. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப்போனது. நவம்பர் பாதிக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும். இடையில் இருக்கும் சில நாளில் அத்தனை வைக்கோலையும் அள்ள ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது. வயலில் தீ வைத்தார்கள்; புகை டெல்லி வரை போனது. கடைசியில் 2023 அக்டோபரில், அடுத்த பருவத்திலிருந்து பூசா 44க்குத் தடை என்று பஞ்சாப் அரசு அறிவித்தது.

இதில் விவசாயி மேல் குற்றமில்லை. ரகத்தை மதிப்பிடும்போது நாள் கணக்கு, தண்ணீர், வைக்கோல், அடுத்த பயிர் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டிருந்தால் வேறு ரகத்துக்கு முன்பே பணம் போயிருக்கும். லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.ஆர். 126 சுமார் 123 நாளில் விளைந்துவிடுகிறது. ஒரு மாதத் தண்ணீர் மிச்சம். அதிலும் 2024இல் ஒரு தகராறு வந்தது. நூறு கிலோ நெல்லுக்கு 67 கிலோ அரிசி கொடுக்க வேண்டும் என்பது அரசு விதி. இந்த ரகத்தில் அவ்வளவு தேறவில்லை என்று ஆலைக்காரர்கள் வாங்கத் தயங்கினார்கள். நெல்லை விதைப்பவர் ஒருவர், அரைப்பவர் இன்னொருவர், சமைப்பவர் வேறொருவர். மூவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் ரகம் நிற்காது.

இதைச் சரியாகச் செய்த உதாரணமும் நம்மிடம் இருக்கிறது. ஒடிசாவின் பழைய நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ, இரண்டு வாரம் வரை வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைத்துவரும். அதன் குணத்தைக் கொண்டுவர பல ஆண்டுகள் புதுப்புது ரகங்கள் செய்து பார்த்தார்கள். அரிசி நன்றாக இல்லை, ஊருக்கும் ஒத்துவரவில்லை, விவசாயி தொடவில்லை. அப்புறம் வழியை மாற்றினார்கள். ஆந்திரத்தின் மாருதேருவில் உருவாகி 1982 முதல் லட்சக்கணக்கானோர் பயிரிடும் ஸ்வர்ணா ரகத்துக்குள்ளேயே வெள்ளத்தைத் தாங்கவைக்கும் சப்-1 என்ற ஒரு மரபணுவை மட்டும் ஏற்றினார்கள். 2009இல் வெளியான ஸ்வர்ணா சப்-1 அதுதான். அதே வழியில் நம் டெல்டாவின் சி.ஆர். 1009க்கும், அதாவது பொன்மணிக்கும், சப்-1 வந்தது. நவம்பர் மழையில் தாழ்வான வயல்களில் சம்பா மூழ்குவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஜனங்களுக்கு ஏற்கெனவே எது பிடித்திருக்கிறது என்று கேட்ட பிறகுதான் அந்த ஆராய்ச்சிக்கு விடிவு வந்தது.

அடுத்தது, இந்த வருட விலையைப் பார்த்து அடுத்த பத்து வருட வேலையை முடிவு செய்வது. 2015இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. உடனே எல்லோருக்கும் பருப்பு மேல் அக்கறை வந்தது. விவசாயிகள் நிறைய விதைத்தார்கள், மழையும் கைகொடுத்தது, 2017 தொடக்கத்தில் துவரை ஆதார விலைக்கும் கீழே விழுந்தது. சந்தை இரண்டு வருடத்தில் தலைகீழாக மாறும். ஆராய்ச்சியால் அந்த வேகத்துக்கு ஓட முடியாது. ஓடவும் கூடாது. நாட்டின் பருப்பு உற்பத்தி பின்னால் ஏறியதற்குப் பெரிய காரணம் கொண்டைக்கடலை. அதில் விலையேற்றத்துக்கு வெகுகாலம் முன்பே வேலை தொடங்கியிருந்தது. குளிர் குறைந்த இடத்திலும் நூறு நாளுக்குள் விளையும், வாடல் நோயையும் தாங்கும் ஜே.ஜி. 11 ரகம் 1999இல் வெளிவந்தது. வடக்கின் பயிராக இருந்த கடலை, ஆந்திரத்தின் கர்நூல், பிரகாசம் மாவட்டக் கரிசல் காடுகளுக்கு இறங்கியது அப்படித்தான்.

மதிப்புக்குத் தகுந்த பங்கு என்று ஒரு கணக்கு உண்டு. மொத்த உற்பத்தி மதிப்பில் நெல்லுக்கு இத்தனை சதவீதம் என்றால் ஆராய்ச்சிப் பணத்திலும் அத்தனை சதவீதம். பார்க்க நியாயமாகத்தான் தெரியும், தொடக்கப்புள்ளியாக வைத்துக்கொள்ளவும் உதவும். ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் ஏற்கெனவே பெரிதாக இருப்பதே மேலும் பெறும். அந்தப் பொருள் யார் வீட்டில் இருக்கிறது என்பதும் கணக்கில் வராது.

ஆட்டைப் பாருங்கள். நிலமில்லாத வீட்டில் இருக்கும் ஒரே சொத்து நாலைந்து ஆடுகள். பெரும்பாலும் பெண்கள் பொறுப்பில். பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு என்றால் விற்பது அதைத்தான். 1987இல் இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள அரசூரில் ஆடுகளுக்குக் காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் ஒழுக்கு, வாய்ப்புண், கழிச்சல். இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது அங்கேதான். அந்த அரசூர் ஆட்டின் வைரஸிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி செய்தது. இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இன்னொன்றைச் செய்தது. ஒரே ஊசி, சில ஆண்டு பாதுகாப்பு. ரூபாய் மதிப்பை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் மாட்டுக்குப் பிறகுதான் ஆடு வரும். ஒரே வாரத்தில் மொத்தச் சொத்தும் செத்துப்போகும் வீடு எத்தனை என்று பார்த்தால் வரிசை மாறும். எனக்கு இரண்டாவது வரிசைதான் சரி என்று படுகிறது.

அரசுப் பணத்தைத் தனியார் எப்படியும் செய்யப்போகும் வேலையில் போடுவதும் இதோடு சேர்ந்த தவறு. மக்காச்சோளம், பருத்தி, காய்கறி வீரிய ஒட்டு விதைகளில் கம்பெனிகள் தாமாகவே பணம் போடும். விவசாயி வருடா வருடம் வாங்கியாக வேண்டுமே. நிலக்கடலையில் அப்படி வராது. ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு வேண்டும், விவசாயி தானே எடுத்து வைத்துக்கொள்ளலாம், கம்பெனிக்கு லாபமில்லை. அங்கேதான் அரசு இருக்க வேண்டும்.

லாபம் துளியும் இல்லாத, ஆனால் பலன் மிகப் பெரிய வேலைக்கு மாவுப்பூச்சிக் கதை ஒன்று போதும். 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பரவியது. உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு இருப்பதால் மருந்து உள்ளே இறங்காது. அடித்து அடித்துக் காசு போனது, தோட்டங்களை வெட்டினார்கள். 2010இல் பெங்களூருவிலுள்ள தேசிய பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றில் அசிரோஃபேகஸ் பப்பாயே நன்றாக வேலை செய்தது. ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று வெளியே வரும். வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் பெருக்கி வயல்களில் விட்டன. பூச்சி அடங்கியது. விவசாயிக்குச் செலவு ஏதுமில்லை. தானாகப் பறந்து பக்கத்துத் தோட்டத்துக்கும் போகிற குளவியை எந்தக் கம்பெனியும் விற்காது. மரவள்ளிக்கு வேறொரு மாவுப்பூச்சி 2020இல் வந்தபோதும், மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து குளவியை வரவழைத்து 2022இல் சேலம் ஏத்தாப்பூரில் விட முடிந்ததற்குக் காரணம், அந்த ஆய்வகமும் அந்த ஆட்களும் தயாராக இருந்ததுதான். ஆபத்து இல்லாத வருடங்களில் ‘இவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள்’ என்று கேட்டு அந்தப் பணியிடங்களைக் காலியாக விட்டிருந்தால் குளவி வந்திருக்காது.

எல்லாவற்றையும் முன்னுரிமை என்று எழுதிவிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பது தலைப்பு உள்ள பட்டியல் பட்டியலே அல்ல. எதை நிறுத்தப் போகிறோம் என்று எழுதாத ஆவணத்தை ஏற்கக் கூடாது. வெளியான ரகங்களின் எண்ணிக்கையை வைத்து மட்டும் வெற்றியை அளப்பதும் இப்படித்தான். 2024 ஆகஸ்டில் ஒரே நாளில் 109 ரகங்கள் வெளியாயின. அவற்றில் எத்தனைக்கு விதை உற்பத்தி நடந்து கடைக்கு வருகிறது என்பதே கணக்கெடுக்க வேண்டிய விஷயம்.

கடைசியாக, வெற்றி கண்ட இடத்தில் வேலையை நிறுத்திவிடுவது. கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கர்னால் மையம் 2009இல் தந்த கோ 0238, உத்தரப் பிரதேசத்தின் சர்க்கரைக் கட்டுமானத்தை, அதாவது நூறு கிலோ கரும்பில் கிடைக்கும் சர்க்கரையின் அளவை, 9 சதவீதத்திலிருந்து 11க்கு மேல் உயர்த்தியது. ஒரு கட்டத்தில் அந்த மாநிலக் கரும்புப் பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் அந்த ஒரே ரகம். அப்புறம் செவ்வழுகல் என்ற பூஞ்சை நோய் வந்தது. கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டு, புளித்த சாராய வாடை. கோ 0118, கோ 15023 என்று மாற்று ரகங்கள் இருந்தன. ஆனால் கரும்பு விதையால் அல்ல, கரணையால், அதாவது தண்டுத் துண்டால் பெருகுவது. ஒரு ஏக்கர் விதைக்கரும்பு அடுத்த பருவத்தில் பத்து ஏக்கருக்குத்தான் வரும். இருபது லட்சம் ஹெக்டேருக்கு மேல் மாற்ற வேண்டுமென்றால் எத்தனை பருவம் ஆகும் என்று போட்டுப் பாருங்கள். பழைய ரகம் உச்சத்தில் நிற்கும்போதே மாற்று ரகத்தின் விதைக்கரும்பைப் பெருக்கத் தொடங்க வேண்டும், அதற்கான பணத்தை முன்னுரிமைப் பட்டியலிலேயே தனி வரியாக ஒதுக்க வேண்டும்.