1/25 டிராக் காருக்கு உலோக வீலி பார்: பித்தளைக் கம்பியும் சர்வீஸ் ஒயரும் போதும்

டிராக் கார் என்பது குறுகிய நேர்ப்பாதையில் வேகப் போட்டிக்கு ஓடும் கார். அதன் மாடல் கிட்டில் முதலில் கண்ணை உறுத்துவது பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வீலி பார்தான். நிஜக் கார் கிளம்பும் வேகத்தில் முன்சக்கரம் தூக்கும். வண்டி மல்லாந்துவிடாமல் பின்னாலிருந்து முட்டுக்கொடுப்பதற்காக, சின்னச் சக்கரம் வைத்த இந்தச் சட்டத்தைப் பின் அச்சோடு பூட்டுகிறார்கள். நிஜத்தில் அது மெல்லிய குழாய்களால் ஆன சட்டம். பிளாஸ்டிக்கில் அவ்வளவு மெலிதாக வார்த்தால் கையில் எடுக்கும்போதே முறியும் என்பதால் கிட்டில் தடியாக விட்டுவிடுகிறார்கள். நடுவில் வார்ப்புக் கோடு வேறு ஓடும். அதைச் சுரண்டி மெலிதாக்கப் பார்ப்பது வீண் வேலை. உலோகத்தில் புதிதாகச் செய்வது அதைவிடச் சுலபம்.

உலோக வேலைக்குப் புதியவர்கள் பற்றவைப்பதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன்பே வேலையில் முக்கால் பங்கு முடிந்திருக்க வேண்டும். கம்பியும் கம்பியும் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருந்தால் பற்றவைக்க இரண்டு நொடி போதும். இடைவெளி இருந்தால் எவ்வளவு ஈயம் ஊற்றினாலும் நிற்காது. அடைப்பதற்கு ஈயம் சிமெண்ட் கிடையாது.

அளவுக் கணக்கு

1/25 மாடலில் ஒரு வசதி உண்டு. நிஜத்தில் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ., மாடலில் ஏறக்குறைய 1 மி.மீ. ஆகிவிடும். ஓர் அங்குலக் குழாய்க்கு 1 மி.மீ. கம்பி. முக்கால் அங்குலக் குழாய்க்கு 0.8 மி.மீ. ரோல் கேஜில், அதாவது ஓட்டுநரைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் கூண்டில், வரும் 1⅝ அங்குலக் குழாய்க்கு 1.6 மி.மீ. கடையில் கம்பியைக் கேஜ் கணக்கில்தான் கொடுப்பார்கள். 16 கேஜ் என்றால் 1.63 மி.மீ., 18 என்றால் 1.22, 19 என்றால் 1.02, 21 என்றால் 0.81, 22 என்றால் 0.71. எண் கூடக் கூடக் கம்பி மெலியும். முதல் தடவை வாங்கப் போகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரு வெர்னியர் கையோடு இருந்தால் சந்தேகமே வராது.

கிட் 1/24 என்றாலும் இதே கம்பிகள் சரிப்படும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

எங்கே என்ன வாங்குவது

சட்டத்துக்குப் பித்தளைக் கம்பி வேண்டும். 1 மி.மீ. கம்பி 20 செ.மீ., 0.8 மி.மீ. கம்பி 35 செ.மீ. எடுத்தால், இரண்டு துண்டு கெட்டுப்போனாலும் சமாளிக்கலாம். திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயில் ரத வீதிப் பக்கம் நகை வேலைக்குச் சாமான் விற்கும் கடைகளில் விசாரியுங்கள். ஊசி அரம், நகை ரம்பத்துக்கான மயிரிழை பிளேடு, ஒரு மில்லிமீட்டருக்குக் கீழான டிரில் பிட், அதைப் பிடிக்கும் பின் வைஸ் ஆகியவற்றுக்கும் அதே கடைகள்தான்.

பித்தளை கிடைக்கவில்லை என்றால் கிணற்று மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போகலாம். அம்பை, தென்காசி, சங்கரன்கோவில் எங்கும் இருக்கிறது. "அண்ணாச்சி, 19 நம்பர் காயில் கம்பி, வெட்டிப்போட்ட துண்டு இருந்தா ரெண்டு முழம் குடுங்க" என்றால் சும்மாகூடக் கிடைக்கலாம். ஆனால் அது செம்பு. மேலே எனாமல் பூச்சு இருக்கும். அதை பிளேடால் சுரண்டி எடுக்காமல் ஈயம் ஒட்டவே ஒட்டாது. இன்னொரு சங்கடமும் உண்டு. செம்பு பித்தளையைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். இந்த முனையைப் பற்றவைக்கும்போது அந்த முனை கழன்றுவிடும். அதனால் நிறைய இணைப்புகள் நெருக்கமாக வரும் வீலி பாருக்குப் பித்தளையே நல்லது. வளைவுகள் மிகுந்த, இணைப்பு குறைவான பாகங்களுக்குச் செம்பு.

கடைசியில் செய்யப்போகும் புகைக்குழாய்களுக்கான அலுமினியக் கம்பிக்கும் வீலி பாரின் சக்கரத்துக்கும் ஒரே பொருள்: 4 ஸ்கொயர் எம்எம் ஒற்றைக்கம்பி அலுமினிய ஒயர், கறுப்பு நிறம், அரை மீட்டர். பழைய சர்வீஸ் லைன் மாற்றிய வீட்டில் கழித்துப்போட்ட துண்டு கிடந்தாலும் போதும். கம்பத்தோடு இணைப்பில் இருக்கிற ஒயரில் கை வைக்காதீர்கள். உள்ளே 2.24 மி.மீ. கம்பி, வெளியே ஏறக்குறைய 1 மி.மீ. பிவிசி உறை.

இவை தவிர 22 கேஜ் 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்), சால்டரிங் பேஸ்ட் (ஃபிளக்ஸ்), 40 அல்லது 60 வாட் அயர்ன். 25 வாட் போதும் என்று தோன்றும், போதாது. சக்தி குறைந்த அயர்ன் இணைப்பைச் சூடாக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் சூடு கம்பி முழுக்கப் பரவி, பக்கத்து இணைப்பையும் இளக்கிவிடும். சூட்டோடு போய் இரண்டு நொடியில் விலகுவதுதான் முறை.

கம்பியை நேராக்குதல்

சுருளிலிருந்து வரும் கம்பியை விரலால் நீவி நேராக்க முடியாது. ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறு முனையைக் குறடால் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுங்கள். கம்பி லேசாக நெகிழ்ந்து கொடுப்பது கையில் தெரியும். அங்கேயே நிறுத்துங்கள். அரை மீட்டருக்கு அரை செ.மீ. நீண்டால் போதும். கம்பி கோடு போட்டதுபோல் நேராகும், கொஞ்சம் விறைப்பும் ஏறும். அளவுக்கு மீறினால் அறுந்து முகத்துக்கு வரும். கண்ணாடி போட்டுக்கொண்டு இழுங்கள். பித்தளை நெகிழாமல் முரண்டு பிடித்தால், மங்கலான சிவப்பு வரும்வரை அடுப்புத் தீயில் காய்ச்சித் தண்ணீரில் விட்டுப் பிறகு இழுக்கலாம். இரும்பைப்போல் தண்ணீரில் இட்டதும் இறுகிப்போகாது, இளகியே இருக்கும்.

அடுத்து, புளியும் உப்பும். குத்துவிளக்கு துலக்குவதுபோலக் கம்பியைத் துலக்கிக் கழுவி, 400 நம்பர் வாட்டர் பேப்பரால் ஒரு இழுப்பு. அதன்பின் பற்றவைக்கும் இடத்தில் விரல் படக்கூடாது. கைப்பிசுக்கு பட்ட இடத்தில் ஈயம் பரவாமல் உருண்டு நிற்கும்.

வரைபடமும் அச்சுப் பலகையும்

கிராஃப் தாளில் மாடலின் அளவிலேயே வரையுங்கள். இங்கே எடுத்துக்கொள்ளும் அளவு: நீளம் 60 மி.மீ., பின் அச்சை ஒட்டிய அகலம் 24 மி.மீ., சக்கரப் பக்க அகலம் 10 மி.மீ. மேலிருந்து பார்த்தால் குறுகிக்கொண்டே போகும் ஏணி. உங்கள் காரின் பின் அச்சுக்குத் தகுந்தபடி 24ஐ மாற்றிக்கொள்ளலாம். பக்கவாட்டில் பார்த்தால் மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் அச்சுப் பக்கம் 8 மி.மீ. விலகி நின்று, சக்கரத்துக்கு அருகில் ஒன்று சேரும்.

தாளை ஒரு பிளைவுட் துண்டில் ஒட்டி, கம்பி வரும் கோட்டின் இருபுறமும் தீக்குச்சித் துண்டுகளை ஒட்டுங்கள். கம்பி அந்த வாய்க்காலுக்குள் அசையாமல் படுக்க வேண்டும். குண்டூசி அடித்து நிறுத்தலாமே என்று தோன்றும். ஈயம் குண்டூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். குச்சியில் ஒட்டாது. கொஞ்சம் கருகும், அவ்வளவுதான்.

1 மி.மீ. கம்பியில் 65 மி.மீ. நீளத்துக்கு இரண்டு வெட்டி வாய்க்காலில் வையுங்கள். சரியான நீளத்துக்கு இப்போது வெட்ட வேண்டாம். கடைசியில் சேர்த்து அறுத்தால்தான் இரண்டும் சமமாக வரும்.

குறுக்குக் கம்பிகள் 0.8 மி.மீ. முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று. முன் பாதிக் கட்டத்தில் பெருக்கல் குறிபோல இரண்டு சாய்வுக் கம்பிகள். பொறுமை வேண்டிய இடம் இதுதான். கம்பியைக் குறடால் நறுக்கினால் முனை கூர்ந்து பிசிறு நிற்கும். அப்படியே வைத்தால் ஒரு புள்ளியில்தான் தொடும். ஒவ்வொரு முனையிலும் உருண்டை ஊசி அரத்தால் நாலு இழுப்பு இழுத்து ஒரு குழிவு எடுங்கள். நீளக் கம்பியின் முதுகு அந்தக் குழிவில் அடங்க வேண்டும். பிறகு பலகையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். இணைப்பில் வெளிச்சம் கசிந்தால் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டுங்கள். குறுக்குத் துண்டு கால் மி.மீ. கூடினால் அரத்தால் சரிசெய்யலாம், குறைந்தால் வழியில்லை. சாய்வுக் கம்பி இரண்டும் ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் ஒன்றை முழுசாக விட்டு, மற்றதை இரண்டாக வெட்டி இருபுறமும் முட்டவையுங்கள்.

பற்றவைத்தல்

ஈயத்தை 1 மி.மீ. துணுக்குகளாக முன்பே நறுக்கி வையுங்கள். ஒரு இணைப்புக்கு ஒரு துணுக்கு. தீக்குச்சி முனையால் பேஸ்டை எள்ளளவு தொட்டு வைத்து, அதன்மேல் துணுக்கை உட்காரவைத்து, அயர்ன் முனையைக் கம்பிகள் சேரும் மூலையில் கொடுங்கள். முனையில் லேசாக ஈயம் பூசியிருந்தால் சூடு உடனே இறங்கும். துணுக்கு உருகிப் பளிச்சென்று மூலைக்குள் ஓடும். எடுத்துவிடுங்கள். ஐந்து நொடி யாரும் மேசையை ஆட்டக்கூடாது. ஆறும்போது அசைந்தால் ஈயம் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று உறையும். அந்த இணைப்பு பின்னால் விரிசல் விடும். மறுபடி பேஸ்ட் வைத்துச் சூடாக்கினால் சரியாகிவிடும், புது ஈயம் தேவையில்லை.

வலது ஓரம் ஒன்று, இடது ஓரம் ஒன்று என்று தள்ளித் தள்ளிப் பற்றவையுங்கள். நெருங்கிய இணைப்புகளுக்கு நடுவே நனைத்த பஞ்சு ஒரு துண்டு வைத்தால் சூடு தாண்டாது. கம்பியில் பரவாமல் ஈயம் மட்டும் பந்துபோல் மேலே நின்றால், கம்பி சூடாகவில்லை அல்லது அழுக்கு. ஈயத்தைத் தொட்டுக்கொண்டே இருப்பது புதியவர்கள் எல்லோரும் செய்வது. கம்பியைத்தான் சூடாக்க வேண்டும்.

கீழ்ச் சட்டம் முடிந்ததும் பலகையிலிருந்து எடுத்துக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, நாலு மூலையும் தரை தொடுகிறதா என்று பாருங்கள். ஒரு மூலை தூக்கினால் கையால் முறுக்காதீர்கள். எதிர்மூலை இணைப்பை மட்டும் சூடாக்கினால் தானாகவே படிந்துவிடும். பிறகு 0.8 மி.மீ. மேல் கம்பி இரண்டு. அச்சுப் பக்கம் 8 மி.மீ. உயரக் கட்டை ஒன்றை அண்டைகொடுத்து, சக்கரப் பக்க முனையைக் கீழ்க் கம்பியின்மேல் படுக்கவைத்துப் பற்றவையுங்கள். நடுவில் மேலும் கீழும் இணைக்க ஒரு பக்கத்துக்கு ஒரு குத்துக்கம்பி, சுமார் 4 மி.மீ.

வேலை முடிந்த அன்றே பழைய டூத் பிரஷ், தின்னர், பிறகு சோப்புத் தண்ணீர். பேஸ்ட் தங்கினால் சில வாரத்தில் இணைப்பைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு ஏறும், மேலே அடித்த பெயிண்டும் உரிந்துவரும். ஈயம் தொட்ட கையையும் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். புகை முகத்தில் அடிக்காதபடி ஜன்னல் ஓரம் உட்காருங்கள்.

சக்கரம்

அந்த 4 ஸ்கொயர் எம்எம் ஒயரைக் குறுக்கே அறுத்தால் சக்கரம் தயார். நடுவில் அலுமினியம், சுற்றிலும் கறுப்பு ரப்பர்போல பிவிசி, விட்டம் 4 மி.மீ. சொச்சம். நிஜத்தில் நாலங்குலச் சக்கரம். அறுக்கும்போது உறை தனியாகவும் கம்பி தனியாகவும் நழுவும். அதைத் தடுக்க, ஒயர் முனையில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு உள்ளே இறங்கவிட்டுப் பிறகு அறுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் புதுச் சொட்டு. கனம் 1.5 மி.மீ. கத்தியாலோ குறடாலோ நறுக்கினால் நசுங்கி முட்டை வடிவம் வரும். நகை ரம்பம்தான் சரி. மரக்கட்டையில் 4.2 மி.மீ. துளை போட்டு ஒயரை அதில் நுழைத்து அறுத்தால் வெட்டு கோணலாகாது.

நடுத்துளைக்கு முதலில் ஊசியால் ஒரு குத்து. குத்தாமல் டிரில் வைத்தால் வழுக்கி ஓரம் போய்விடும். 0.8 மி.மீ. துளை போட்டு, 0.7 கம்பியை அச்சாக்கி மாட்டுங்கள். சக்கரம் மாட்டியபின் பற்றவைக்கும் வேலை எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது. பிவிசி உருகி நாறும்.

காரில் பொருத்தும்போது சக்கரம் தரையைத் தொடாமல் 3 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். நிற்கும் காரில் வீலி பார் தரையில் ஊன்றியிருந்தால், டிராக் கார் தெரிந்தவர் கண்ணுக்கு அதுதான் முதலில் படும்.

மிச்ச ஒயரில் ஸூமி பைப்

எஞ்சினின் இருபுறமும் நாலு நாலாக மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும் எட்டுப் புகைக்குழாய்கள்தான் ஸூமி. உறை உரித்த 2.24 மி.மீ. அலுமினியக் கம்பி இங்கே 2¼ அங்குலக் குழாய்க்குச் சரியாக இருக்கும். குழாயை வளைத்தால் மடிப்பு விழும். கெட்டிக் கம்பியை வளைத்து முனையில் மட்டும் துளைபோடுவதே நமக்கு நல்லது.

45 மி.மீ. நீளத்துக்கு எட்டு வெட்டுங்கள். கூடவே இரண்டு உதிரி. வளைப்பதற்கு முன்பே துளை போட வேண்டும். வளைந்த கம்பியைப் பிடித்துத் துளையிடுவது நரகம். 1 மி.மீ.யில் தொடங்கி, 1.5, பிறகு 1.8. ஆழம் 4 மி.மீ. மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டால் அலுமினியம் பிட்டில் அப்பிக்கொள்ளாது. சுவர் இருநூறு மைக்ரான்தான் மிஞ்சும். துளை நடுவிலிருந்து கொஞ்சம் விலகினாலும் பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு வரும். அதற்குத்தான் உதிரி.

எட்டையும் ஒரே உருளையில், ஒரே குறியில் வைத்து வளையுங்கள். வளைவு ஒரே தளத்தில் இருந்தால் எது எந்தப் பக்கமும் போகும். பின்னோக்கியும் கொஞ்சம் திருகுவதாக இருந்தால் நாலை வலப்பக்கமும் நாலை இடப்பக்கமும் திருக வேண்டும். எட்டையும் ஒரே பக்கம் திருகிவிட்டு, பொருத்தும்போது நாலைக் குப்பையில் போடுவது புதிதாகச் செய்பவர்களிடம் அடிக்கடி நடப்பது.

அலுமினியத்தில் சாதாரண ஈயம் பிடிக்காது, மேலே உள்ள ஆக்சைடு படலம் விடாது. அதனால் எஞ்சின் பக்க முனையில் 1 மி.மீ. துளையிட்டுப் பித்தளை ஆணி ஒன்றை அரால்டைட்டில் நட்டு, அதை எஞ்சின் துளையில் செருகுங்கள். முதல் குழாயும் நாலாவது குழாயும் நின்றபின் நடுவிரண்டையும் கண்பார்வையில் வரிசைப்படுத்துவது சுலபம்.

வீலி பாருக்கு முதலில் பிரைமர், பிறகு கறுப்போ சில்வரோ. ஆனி ஆடிச் சாரலில் தென்காசிப் பக்கம் இருப்பவர்கள் ஸ்ப்ரே அடிக்க வெயில் அடிக்கும் நண்பகல்வரை காத்திருங்கள். ஈரக்காற்றில் அடித்த லாக்கர் பெயிண்ட் பால்போல் வெளுத்துப்போகும்.