ரொறன்ரோ வீட்டில் சன்ரூம் பூட்டும்போது: மண்ணுக்கு அடியிலும் செங்கல்லுக்குப் பின்னாலும் பார்க்க வேண்டியவை

பெட்டியில் துண்டுகளாக வரும் சன்ரூமை, அதாவது வீட்டோடு ஒட்டும் கண்ணாடி அறையைப் பூட்ட, வேலை தெரிந்த இரண்டு மூன்று பேருக்குச் சில நாட்கள் போதும். சுவர்த் துண்டு, யன்னல், கூரைப் பலகை எல்லாம் அளவுக்கு வெட்டியே வருகின்றன. பின்னாளில் தலையிடி தருபவை வேறு இரண்டு இடங்கள்: அறை நிலத்தில் இருக்கும் இடம், அறை வீட்டுச் சுவரைத் தொடும் இடம். இந்தக் கிட்டின் (பெட்டித் தொகுதியின்) விலையில் பெரும்பாலும் இந்த இரண்டும் அடங்குவதில்லை. ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ பிரம்டனிலோ உள்ள ஒரு செங்கல் வீட்டின் பின்வளவில் 12க்கு 14 அடி அறை வைப்பதாக எடுத்துக்கொள்வோம்.

மூன்று பருவமா, நான்கு பருவமா

மூன்று பருவ அறை என்றால் ஒற்றைக் கண்ணாடி, வெறும் அலுமினியச் சட்டம். ஏப்ரல் கடைசியில் திறந்து ஒக்டோபரில் மூடலாம். நான்கு பருவ அறைக்கு லோ-இ பூச்சுள்ள, அதாவது சூட்டை வெளியே விடாத மெல்லிய பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி வேண்டும். சட்டத்தின் உள் அலுமினியத்துக்கும் வெளி அலுமினியத்துக்கும் நடுவே குளிரைக் கடத்தாத பிளாஸ்டிக் தடை இருக்க வேண்டும். நிலத்துக்கும் கூரைக்கும் இன்சுலேஷன் வேண்டும். "ஒரு ஹீட்டர் வைத்தால் மூன்று பருவம் நான்காகிவிடும்" என்று விற்பவர் சொன்னால் நம்பவேண்டாம். ஹீட்டர் ஓட ஓட வெறும் அலுமினியத்தில் நீர் வியர்த்து, யன்னல் விளிம்பில் உறைந்து, வெயில் வந்ததும் நிலத்துக்கு வடியும்.

கறிவேப்பிலைக் கன்றையும் மல்லிகையையும் மாரிக்கு (குளிர்காலத்துக்கு) உள்ளே வைக்கத்தான் சன்ரூம் என்றால் நான்கு பருவ அறைதான். சூடில்லாத கண்ணாடி அறை ஜனவரி இரவில் வெளியைவிடச் சில பாகைதான் சூடாக இருக்கும். கறிவேப்பிலை ஒரே இரவில் கறுத்துவிடும்.

பெர்மிட்

வீட்டோடு ஒட்டும் சன்ரூமுக்குக் கட்டட அனுமதி தேவை, மூன்று பருவமானாலும். காணியின் சர்வே பிரதி, தள வரைபடம், அத்திவார வரைபடம், குறுக்குவெட்டு ஆகியவற்றை நகரசபைக்குக் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் வீடுகளுக்கு 10 வேலை நாட்களில் பதில் சொல்லவேண்டும் என்பது ஒன்ராறியோ விதி. முதலில் பார்க்கவேண்டியது பின் எல்லையிலிருந்து விடவேண்டிய தூரமும், காணியில் கட்டடம் எத்தனை வீதம் மூடலாம் என்பதும். இவற்றில் ஒன்று மீறினாலும் சிறு விலக்குக் கேட்டுத் தனிக் குழுவிடம் போகவேண்டி வரும். அதற்கு மாதக் கணக்கு. கொண்டோ டவுன்ஹவுஸ் என்றால் நிர்வாக சபையின் எழுத்து அனுமதி கையில் வரமுன் முற்பணம் கட்டக்கூடாது.

கிட்டின் கூரை எவ்வளவு பனியைத் தாங்கும் என்ற எண் வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 1 கிலோபாஸ்கல் என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 100 கிலோ. 12க்கு 14 அடிக் கூரைக்கு அது 1.6 தொன். மேல்மாடிக் கூரையிலிருந்து சரிந்து விழும் பனியும், காற்று சுவரோரம் குவிக்கும் பனியும் இதற்கு மேலே வரும். பனி விழாத ஊருக்குச் செய்த மலிவுக் கிட்டை இங்கே கொண்டுவந்தால் அடிபடுவது இந்தக் கணக்கில்தான்.

அத்திவாரம்

பின்வளவில் ஏற்கெனவே இருக்கிற டெக்கின் (மர மேடையின்) மேலேயே பூட்டலாமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பெரும்பாலும் முடியாது. பல டெக்குகள் மண்ணின் மேல் வைத்த கொங்கிரீட் கட்டைகளில் நிற்கின்றன. ரொறன்ரோவில் நிலம் உறையும் ஆழம் 4 அடி, அதாவது 1.2 மீற்றர். களிமண்ணிலுள்ள நீர் உறைந்து வீங்கும்போது கட்டை மேலெழும், மார்ச்சில் இறங்கும். மரத்தாலான டெக் இந்த ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும், கண்ணாடி பொறுக்காது. முதல் அறிகுறி, சறுக்கும் கதவு பெப்ரவரியில் இறுகி மே மாதம் தானாகச் சரியாவது. அதற்குள் கூரை இணைப்பில் சிலிக்கன் கிழிந்திருக்கும்.

ஆகவே தூண் 4 அடிக்குக் கீழே போகவேண்டும். வீட்டோரத்தில் அதுவும் போதாது. பேஸ்மென்ட் தோண்டும்போது சுவரைச் சுற்றி அகலமாகத் தோண்டி, பிறகு மண்ணை நிரப்பி மூடியிருப்பார்கள். அந்த நிரப்பு மண் 7, 8 அடி ஆழம் வரை இருக்கும். வருடக் கணக்காக இறங்கிக்கொண்டும் இருக்கும். சுவரிலிருந்து 2 அடி தள்ளி 4 அடிக் குழி தோண்டிக் கொங்கிரீட் ஊற்றினால் அது இந்தத் தளர்ந்த மண்ணில்தான் நிற்கும். கலையாத மண் வரை போகத்தான் வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே இரும்புத் திருகு பைல் (திருகாணிபோல் மண்ணுக்குள் இறங்கும் தூண்) நல்லது. சிறு இயந்திரத்தால் திருகி இறக்குவார்கள். முறுக்கு விசை குறித்த அளவை எட்டும்வரை நிறுத்தமாட்டார்கள். கொங்கிரீட் காயக் காத்திருக்கத் தேவையில்லை. நமது அளவுக்கு இரண்டு வரிசையில் ஆறு பைல் என்பது வழக்கமான கணக்கு. முடிவான எண்ணிக்கையைப் பொறியியலாளர் சொல்லட்டும். ஒவ்வொரு பைலின் முறுக்கு அளவும் எழுதிய தாளை வாங்கி வையுங்கள், நகரசபைப் பரிசோதகர் கேட்பார்.

தோண்டவோ திருகவோ முன், நிலத்தடிக் குழாய்களைக் குறிக்க ஏற்பாடு செய்யும் ஒன்ராறியோ வன் கோல் சேவையிடம் சொல்லி, நிலத்தடி எரிவாயு, மின்சாரக் குழாய்களைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். இலவசம், சட்டப்படி கட்டாயமும்கூட.

நிலச் சட்டத்தின் அடியில் 12 அங்குல ஆழத்துக்குக் கம்பிவலை புதைத்து மூடிவிடுங்கள். இல்லையென்றால் முதல் மாரியிலேயே ஸ்கங்க் குடும்பமொன்று கீழே குடிவந்துவிடும்.

செங்கல் சுவர்

இங்குள்ள பெரும்பாலான வீடுகளில் செங்கல் பாரம் தாங்குவதில்லை. வீட்டைத் தாங்குவது உள்ளே இருக்கும் மரச்சட்டம். செங்கல் அதன் முன்னால் ஏறக்குறைய 1 அங்குல இடைவெளி விட்டு, மெல்லிய தகடுகளால் கட்டப்பட்ட ஒற்றை வரிசைத் தோல். அதில் போல்ட் அடித்து நிலச் சட்டத்தையோ கூரையையோ தொங்கவிட்டால், செங்கல் வெடிக்கும் அல்லது வெளியே தள்ளும். பாதுகாப்பான வழி, வீட்டுப் பக்கத்திலும் பைல், தூண், உத்திரம் வைத்து அறையைத் தன் காலிலேயே நிற்கவிடுவது. சுவரோடு இருப்பது மழைத் தடுப்பு இணைப்பு மட்டும். பங்களா (மேல்மாடி இல்லாத) வீடுகளில் கூரை விளிம்புப் பலகையிலேயே சன்ரூம் கூரையைப் பூட்டுவதும் நடக்கிறது. அந்தப் பலகை தண்ணீர்ப் பீலியைத் தாங்க வைத்தது, 1.6 தொன் பனியை அல்ல.

மழைத் தடுப்புத் தகட்டைச் செங்கல்லின் மேல் ஒட்டி சிலிக்கன் பூசினால் இரண்டு மாரி தாங்கும். சரியான முறை, சாந்து மூட்டில் 1 அங்குல ஆழத்துக்கு வெட்டி, தகட்டின் விளிம்பை உள்ளே மடித்துச் சொருகி அடைப்பது. அதைச் செய்தும் சில அறைகளில் தண்ணீர் வரும். செங்கல் நீரை உறிஞ்சும். அந்த நீர் பின்னாலுள்ள இடைவெளியால் கீழே இறங்கி, அடி வரிசையில் விட்ட சிறு துவாரங்களால் வெளியேறும். சன்ரூம் வந்தபின் அந்தத் துவாரங்கள் அறைக்குள் இருக்கும்! மேலே மழை அடிக்கும் சுவர் உயரமாக இருந்தால், சன்ரூம் கூரைக்கு மேலே ஒரு வரிசைச் செங்கல்லைக் கழற்றி, இடைவெளியைக் குறுக்கே மறிக்கும் தகடு வைத்து, அங்கே புதுத் துவாரம் விடவேண்டும். மேசன் வேலை, செலவும் கூட. ஆனாலும் துவாரங்களைச் சீமெந்தால் அடைத்துவிடாதீர்கள். உள்ளே மரம் உக்கும்.

பூட்டுதல்

அத்திவாரம் முடிந்தபின்தான் கிட்டுக்கான கடைசி அளவை எடுங்கள். சதுரம் பார்க்க மூலைவிட்டத்தை அளக்கவும்: 12க்கு 14 அடிக்கு அது 18 அடி 5¼ அங்குலம், இரண்டு பக்கமும் ஒன்றாக. மட்டம் 10 அடிக்கு ⅛ அங்குலத்துக்கு மேல் விலகினால் யன்னல்கள் சரியாகப் பூட்டாது. உக்காமலிருக்க மருந்து ஏற்றிய புதிய பச்சை மரத்தில் செம்பு இருக்கிறது. அலுமினியம் நேரே பட்டால் அரிக்கும். நடுவே ரப்பர்ப் பட்டை வைத்து, துருப்பிடிக்காத எஃகு ஆணியே போடவும். அடித் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் சிறு வடிகால் கீறல்கள் இருக்கும். அழகுக்காக அதையும் சிலிக்கனால் மூடுபவர்கள் உண்டு. தண்ணீர் திரும்பி உள்ளேதான் வரும். சிலிக்கன் ஈரத்திலும் உறைபனியிலும் ஒட்டாது, ஆகையால் வெளி வேலையை ஒக்டோபருக்குள் முடிக்கப் பாருங்கள்.

அறைக்குள் அகப்படக்கூடாதவை: எரிவாயு மீற்றர், ஃபேர்னஸின் வெள்ளைக் குழாய்கள், உடுப்புலர்த்தியின் காற்றுவழி, பேஸ்மென்ட் படுக்கையறையின் தப்பும் யன்னல். ஃபேர்னஸ் புகை மூடிய அறைக்குள் வந்தால் கார்பன் மொனொக்சைட்டால் உயிரே போகும். அவற்றை முதலில் இடம் மாற்றுங்கள்.

சூட்டுக்கு வீட்டு ஃபேர்னஸ் குழாயை நீட்டவேண்டாம். தனி மினி ஸ்பிளிட் (சுவரில் பூட்டும் சூடு-குளிர் இயந்திரம்) போடுங்கள், மின் வேலையை உரிமம் பெற்றவரே செய்யட்டும். சமையலறைக் கதவைத் திறந்துவிட்டு ரசம் கொதிக்கவைத்தால் ஆவி முழுக்கக் கண்ணாடியில்தான் போய் இறங்கும், எனவே இடையிலுள்ள கதவைக் கழற்றாதீர்கள்.

காசு

விலையில் 13 வீத வரி சேர்ந்ததா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிய ஒப்பந்தமென்றால், பிரதி கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதம் பிடித்துவைக்க ஒன்ராறியோச் சட்டம் சொல்கிறது. வேலை முடிந்து 60 நாள் கழிந்து, காசு கிடைக்கவில்லை என்று வேலை செய்தவர் யாரும் காணிமேல் உரிமைப்பதிவு (lien) போடவில்லை என்று பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். அந்த 60 நாளுக்குள் ஒருநாள் ஹோஸ் எடுத்து, அடித் தண்டவாளத்தில் தொடங்கி, யன்னல், கூரை மூட்டு, செங்கல் தகடு என்று கீழிருந்து மேலாக ஒவ்வோரிடத்திலும் 10 நிமிடம் தண்ணீர் அடியுங்கள். ஒருவர் உள்ளே டோர்ச்சோடு நிற்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்து, ஒழுக்கு எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.