கஞ்சி பிடிக்காதவர்களுக்குச் சாக்லேட் பேக்ட் ஓட்ஸ்

எங்கள் வீட்டில் ஓட்ஸ் என்றால் கஞ்சி, கஞ்சி என்றால் காய்ச்சல். அதனால் யாராவது ஆசைப்பட்டு ஓட்ஸ் வாங்கி வந்தால், வண்டு விழும்வரை அது அலமாரியிலேயே கிடக்கும். அந்தப் பாக்கெட்டுக்கு விடிவுகாலம் வந்தது பேக்ட் ஓட்ஸால்தான். ஓட்ஸ், வாழைப்பழம், முட்டை மூன்றையும் மிக்ஸியில் அரைத்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஓவனில் வைத்தால் கேக் மாதிரி உப்பி வருகிறது. 2021 தொடக்கத்தில் டிக்டாக்கில் பரவிய பண்டம் இது. டிக்டாக்கை இந்தியாவில் 2020லேயே தடை செய்துவிட்டதால், எனக்கு இன்ஸ்டாகிராம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

மைதா இல்லை, வெண்ணெய் இல்லை, முட்டை அடிக்கும் பீட்டரும் வேண்டாம். இதுவரை கேக்கே செய்யாதவர்கள் தாராளமாக இதிலிருந்து தொடங்கலாம்.

தேவையானவை (ஒருவருக்கு)

ரோல்டு ஓட்ஸ் (அவல் மாதிரி தட்டையாக இருப்பது) – அரை கப் (40 கிராம்)
நன்றாகக் கனிந்த வாழைப்பழம் – ரோபஸ்டா என்றால் பாதி, பூவன் என்றால் 1, ஏலக்கி என்றால் 2
முட்டை – 1
பால் – கால் கப் (60 மி.லி.)
கோகோ பவுடர் – 1 மேசைக்கரண்டி
பேக்கிங் பவுடர் – அரைத் தேக்கரண்டி
உப்பு – ஒரு சிட்டிகை
டார்க் சாக்லேட் – 2 சின்னத் துண்டு (10 கிராம்)
தேன் அல்லது நாட்டுச்சர்க்கரை – 1 தேக்கரண்டி
கிண்ணத்தில் தடவக் கொஞ்சம் நெய்

கடைக்குப் போகும்முன் இரண்டு விஷயம். கோகோ பவுடர் வேறு, டிரிங்கிங் சாக்லேட் பொடி வேறு. பின்னதில் பெரும்பங்கு சர்க்கரைதான். முதல் தடவை நான் அதைப் போட்டுத்தான் செய்தேன். இனிப்பு இருந்தது, சாக்லேட்டைக் காணோம். பொருள் பட்டியலில் கோகோ மட்டுமே இருக்கிற டப்பாவாகப் பார்த்து எடுங்கள். அதேபோல ஸ்டீல் கட் ஓட்ஸ் வேண்டாம். அது உடைத்த தானியம், இந்த நேரத்துக்குள் வேகாது. மசாலா ஓட்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

வாழைப்பழத்தின் தோலில் கரும்புள்ளி விழுந்திருக்க வேண்டும். இனிப்பில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. காயாக இருந்தால் நாட்டுச்சர்க்கரையைக் கூட்ட வேண்டிவரும், அப்புறம் காலையில் கேக் சாப்பிட்ட கணக்காகிவிடும்.

செய்முறை

1. முதலில் ஓவனை 180 டிகிரியில் வைத்துச் சூடாக்குங்கள். ஓடிஜி (வீட்டுக்கான சின்ன மின்சார ஓவன்) என்றால் மேல், கீழ் கம்பிகள் இரண்டும் எரியட்டும், பத்து நிமிடம் போதும். மாவை அரைத்துவிட்டு ஓவனைத் தேடிப் போகாதீர்கள். காரணம் நான்காம் படியில்.

2. மிக்ஸியின் சின்ன ஜாரில் ஓட்ஸை மட்டும் போட்டு மாவாகப் பொடித்துக்கொள்ளுங்கள். ஜாரில் துளி ஈரம் இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய பிளெண்டருக்கு அது சரி. நம் மிக்ஸியில் அப்படிச் செய்தால் பழமும் முட்டையும் கூழாகிவிடும், ஓட்ஸ் மட்டும் முழுசு முழுசாக மிதக்கும்.

3. பொடித்த ஓட்ஸோடு பழம், முட்டை, பால், கோகோ, உப்பு, தேன் சேர்த்து 15 விநாடி அரையுங்கள். ஓரத்தை வழித்துவிட்டு, கடைசியாகப் பேக்கிங் பவுடர் போட்டு இரண்டே சுற்று. அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். ஓட்ஸை ஈரத்தோடு நெடுநேரம் அரைத்தால் வழவழப்பு ஏறி, வெந்த பிறகு ரப்பர் மாதிரி இழுக்கும். மாவு, இட்லி மாவைவிடத் தளர்வாகவும் தோசை மாவைவிடக் கெட்டியாகவும் இருந்தால் சரியான பதம். கரண்டியிலிருந்து தொப்பென்று விழுந்தால் இன்னும் ஒரு மேசைக்கரண்டி பால் ஊற்றுங்கள்.

வீட்டில் ஃபில்டர் டிகாக்ஷன் மிச்சம் இருந்தால் ஒரு தேக்கரண்டி விடுங்கள். காபி வாசம் தெரியாது, கோகோவின் சுவைதான் தூக்கலாகும். நான் இதை விடாமல் செய்கிறேன்.

4. உடனே கிண்ணத்துக்கு மாற்றுங்கள். உடனே என்றால் உடனே. ஒருநாள் அரைத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஜாரில் கேழ்வரகுக் களி உட்கார்ந்திருந்தது. ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்று ஒரு நார்ச்சத்து உண்டு; ஈரம் பட்டதும் அது கெட்டிப்பட ஆரம்பித்துவிடும். பேக்கிங் பவுடரும் நனைந்ததுமே வேலையைத் தொடங்கிவிடும், நமக்காகக் காத்திருக்காது.

கிண்ணம் பீங்கானோ, ஓவனுக்கான கண்ணாடியோ எதுவானாலும் சரி. சாதாரணக் கண்ணாடிக் கிண்ணம் விரிசல் விடும், வேண்டவே வேண்டாம். எவர்சில்வர் கிண்ணமும் நன்றாக வேலை செய்யும். டபரா இருந்தால் மாவை இரண்டாகப் பிரித்து ஊற்றலாம். எதுவாக இருந்தாலும் நெய் தடவி, முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். சாக்லேட் துண்டுகளை நடுவில் செருகி மாவால் மூடிவிடுங்கள். மேலே வைத்தால் காய்ந்துபோகும், உள்ளே இருந்தால்தான் உருகி வழியும்.

5. ஓவனின் நடுத்தட்டில் 22 முதல் 25 நிமிடம். டபராக்கள் என்றால் 16 நிமிடத்திலேயே பார்த்துவிடுங்கள். ஓரம் கிண்ணத்தை விட்டு விலகி, மேல்பகுதி தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும். குச்சியை ஓரமாகக் குத்திப் பாருங்கள். நடுவில் குத்தினால் உருகிய சாக்லேட் ஒட்டிக்கொண்டு வேகவில்லை என்று ஏமாற்றும்.

வெளியே எடுத்ததும் கொஞ்சம் அமுங்கும், பயப்படாதீர்கள். ஐந்து நிமிடம் ஆறவிட்டுக் கிண்ணத்தோடே கரண்டி போட்டுச் சாப்பிடலாம். சூடான இதன் மேல் இரண்டு கரண்டி குளிர்ந்த தயிர் வைத்துச் சாப்பிடுவது என் பழக்கம்.

ஓவன் இல்லையென்றால்

அடிகனமான பழைய சட்டியில் ஒரு கப் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, மூடி பத்து நிமிடம் சூடேற்றுங்கள். எவர்சில்வர் கிண்ணத்தை அதில் வைத்து, மூடி, சிறுதீயில் 30 முதல் 35 நிமிடம் விடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. இட்லிப் பானையிலும் 15, 18 நிமிடத்தில் வெந்துவிடும். ஆவி நீர் சொட்டாதபடி கிண்ணத்தை ஒரு தட்டால் மூடுங்கள். ஆனால் அது கேக்காக இருக்காது, சாக்லேட் இட்லியாக இருக்கும். என் மகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது, எனக்கு இல்லை.

முட்டை சாப்பிடாதவர்கள் அதற்குப் பதிலாகக் கால் கப் கெட்டித் தயிரும், பேக்கிங் பவுடரோடு ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் சேர்க்கலாம். பாலைப் பாதியாகக் குறையுங்கள். முட்டை போட்ட அளவுக்கு உப்பாது, கொஞ்சம் அடர்த்தியாகத்தான் வரும்.

பள்ளிக்கூட நாட்களில் காலையில் இத்தனை டப்பாவைத் திறக்க நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமையே ஓட்ஸைப் பொடித்து, கோகோ, பேக்கிங் பவுடர், உப்பு சேர்த்து, ஒரு வேளைக்கு ஒன்றாகச் சின்ன டப்பாக்களில் போட்டு வைத்துவிடுவேன். காலையில் ஒரு டப்பாவை ஜாரில் கொட்டி, பழமும் முட்டையும் பாலும் சேர்த்து ஒரு சுற்று. ஓவனில் தள்ளிவிட்டுத்தான் இப்போதெல்லாம் குளிக்கப் போகிறேன்.