கடலூர் வெயிலில் கேமரா இல்லாமல் இலைப்படம்

விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த, வெயில் பட்ட இடம் நீலமாகும் நீல அச்சு (சயனோடைப்) முறையில்தான் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் 1843 முதல் பிரிட்டனின் கடற்பாசிகளைப் பதிவுசெய்தார். அம்முறைக்குக் கடலூர் வெயில் மிகவும் ஏற்றது.

100 மி.லி. நீரில் 25 கிராம் பச்சை ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டையும், வேறொரு 100 மி.லி. நீரில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடையும் கரைத்து, கையுறையோடு, மங்கலான அறையில் சம அளவாகக் கலந்து, பருத்திக் காகிதத்தில் மெல்லிதாகப் பூசுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் பூச்சு காயத் தாமதமாகும். ஈரத் தாளில் இலையை வைத்தால் விளிம்பு கலங்கிவிடும் என்பதால், இருட்டிலேயே முழுதும் உலரவிடுங்கள்.

பிச்சாவரத்தில் உதிர்ந்து கிடக்கும் சுரபுன்னை இலை போன்ற தடித்தவை வெறும் வெள்ளை நிழலாகவே விழும். புத்தகத்துக்குள் அழுத்தி உலர்த்திய மெல்லிய இலையிலோ ஒளி ஓரளவு ஊடுருவுவதால் கிளைநரம்புகள்கூடத் தெரியும். அந்த நுணுக்கத்துக்காக எவ்வளவு பொறுமை காட்டினாலும் தகும்.

இலையின்மேல் கண்ணாடியை வைத்து, இலை மறைக்காத பகுதி பச்சை மாறி வெண்கலச் சாம்பலாகும்வரை வெயிலில் வையுங்கள். பிறகு மஞ்சள் கறை நீங்கும்வரை கழுவுங்கள். காரத்தன்மை நீலத்தை வெளிறச் செய்யும். ஆகவே உங்கள் போர் தண்ணீர் கடினமானதாக இருந்தால் சில துளி எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம், ஆனால் ஃபெரிசயனைடின் அருகே வலிய அமிலம் எதையும் கொண்டுவரக் கூடாது. நிழலில் உலர்த்துங்கள், ஓரிரு நாளில் நீலம் அடர்ந்துவிடும்.