அடைக்கலம் தந்தவர்களின் சாட்சியத்தைப் பதிவு செய்வது எப்படி

1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் மலையகத்தின் பதுளையும் நுவரெலியாவும் எரிந்தபோது, தேயிலைத் தோட்டத்தில் நாம் ‘நாடு’ என்று சொல்லும் சிங்களக் கிராமங்களில் சில குடும்பங்கள் தோட்டத் தமிழரான நம்மவர்களைத் தங்கள் வீட்டுக்குள் வைத்துக் காத்தன. அன்று 20 வயதில் இருந்தவர் இன்று 60ஐக் கடந்துவிட்டார். அவர்கள் இருக்கும்போதே அந்தச் சாட்சியங்களைப் பதிவு செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கும் இளைஞர்களுக்கும், இரண்டாம் உலகப் போரில் யூதர்களை ஒளித்துக் காத்த சாதாரண மக்களைப் பற்றி ஜெருசலேமின் யாத் வஷேம் நினைவகம் 1963 முதல் விசாரித்துவரும் முறை நல்ல துணையாகும். இரண்டு கொடுமைகளின் அளவும் தன்மையும் வேறு. நாம் எடுத்துக்கொள்வது விசாரிக்கும் முறையை மட்டுமே.

முதலில் காப்பாற்றப்பட்டவரிடம் போங்கள். யாத் வஷேம் இப்படிக் காப்பாற்றியவர்களில் இதுவரை 28,000க்கும் மேற்பட்டோரைக் கௌரவித்திருக்கிறது. அதற்கு உயிர்தப்பியவரின் சாட்சியத்தையோ ஐயமற்ற ஆவணத்தையோ அது கேட்கிறது. காப்பாற்றியவர் “பெரிதாக என்ன செய்துவிட்டோம்” என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். ஒளிந்திருந்த அம்மாயியோ கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்தது என்பது வரை சொல்வார். அதன்பின் அடைக்கலம் தந்த வீட்டுக்குப் போகும்போது, ஒளிந்திருந்த குடும்பம் அவ்வீட்டுப் பெரியவர்களை ஆச்சி (பாட்டி) என்றோ சீயா (தாத்தா) என்றோ எப்படி அழைத்ததோ அப்படியே அழைத்து, சிங்களத்திலேயே பேசவிட்டுப் பதிவு செய்து, பிறகு மொழிபெயர்ப்பது நல்லது.

“ஏன் காப்பாற்றினீர்கள்” என்று தொடங்காதீர்கள். அதற்கு எவரிடமும் ஆயத்தமான விடை இராது. ஆம்ஸ்டர்டாமில் நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் குடும்பத்தினர் உள்ளிட்ட 8 பேர் ஒளிந்திருந்த இடத்தைப் பற்றி நாம் இவ்வளவு அறிந்திருப்பது, கீழே பண்டகசாலையில் ஆட்கள் வேலை செய்யும் பகல் நேரத்தில் மேலே ஓசையின்றி இருக்க வேண்டியிருந்தது, அதே கட்டடத்து அலுவலகத்தில் வேலை செய்த மீப் கீஸும் அவருடைய சக ஊழியர்களும் உணவு கொண்டுவந்தார்கள் என்பன போன்ற சிறு செய்திகளால்தான். ஆகவே சோறு யார் சமைத்தார், கூடுதலாக அரிசி வாங்கியதைக் கடைக்காரர் கவனித்தாரா, பிள்ளை அழுதபோது என்ன செய்தார்கள், பொட்டையும் மூக்குத்தியையும் எடுக்கச் சொன்னார்களா, இரவில் வெளியே போக யார் துணை வந்தார் என்று கேளுங்கள். கூட்டம் வாசலுக்கு வந்திருந்தால், யார் முன்னே போய் நின்றார், என்ன சொன்னார் என்பதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள்.

பணத்தைப் பற்றியும் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். சாப்பாட்டுச் செலவுக்குப் பணம் வாங்கியவரை யாத் வஷேம் ஒதுக்குவதில்லை. பணம் தந்தால்தான் அடைக்கலம் என்று முன்கூட்டியே பேரம் பேசியவரையே ஒதுக்குகிறது. ஏழை வீட்டில் பத்துப் பேருக்கு உலை வைப்பது இலேசான காரியமன்று என்பது நமக்குத் தெரிந்ததே.

காலத்தை உறுதிப்படுத்துவதில் மிகுந்த கவனம் தேவை. 1977 ஆகஸ்ட், 1981 ஆகஸ்ட், 1983 ஜூலை ஆகிய மூன்று கலவரங்களும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் நடந்ததால், ‘ஆடி மழையில் தேயிலைக்குள் படுத்திருந்தோம்’ என்பது எந்த ஆண்டென்று அந்தச் சொல்லைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. மூத்த பிள்ளைக்கு அப்போது எத்தனை வயது, தோட்டத்தில் தொழிலாளியாகப் பெயர் பதிந்துவிட்டார்களா, எந்தக் கங்காணியின் கீழ் கொழுந்து பறித்தார்கள் என்று கேட்டு, ஒரே வீட்டில் ஒளிந்திருந்த இருவரைத் தனித்தனியே பேசவிட்டு ஒப்பிடுங்கள். கூற்றுகள் முரண்பட்டால் இரண்டையும் அப்படியே எழுதுங்கள், நீங்களாகத் திருத்தி ஒன்றாக்காதீர்கள்.

பெயர்களை வெளியிடுவதற்கு முன் எழுத்தில் அனுமதி பெறுங்கள். போலந்தின் மார்க்கோவாவில் 1944 மார்ச் 24 அன்று, 8 யூதர்களை ஒளித்து வைத்திருந்த உல்மா தம்பதியரும் அவர்களுடைய 6 பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். போர் முடிந்த பிறகும் அந்நாட்டில் அடைக்கலம் தந்த சிலர், அண்டைவீட்டாருக்கு அஞ்சி அதை வெளியே சொல்லவில்லை. நம் பக்கத்திலும் அடைக்கலம் தந்தவரும் அன்று வாசலில் வந்து நின்றவரும் இன்றுவரை ஒரே ஊரில் வாழக்கூடும் என்பதால், அனுமதி கிடைக்காத இடத்தில் ஊர்ப் பெயரையும் மறைத்துவிடுங்கள். வார்சாவில் ஐரீனா செண்ட்லர் தாம் மீட்ட யூதக் குழந்தைகளின் பெயர்களைச் சாடியில் இட்டு மண்ணில் புதைத்து வைத்தார். உங்கள் உண்மைப் பெயர்ப் பட்டியலையும் பதிவிலிருந்து பிரித்து வேறிடத்தில் வையுங்கள்.

எழுதி முடித்ததும் தமிழிலும் சிங்களத்திலும் படியெடுத்து, இரு வீட்டுக்கும் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். அப்போது அவர்கள் புதிதாகச் சொல்வதையும் சேர்த்துக்கொள்ள ஒலிப்பதிவுக் கருவி கையில் இருக்கட்டும்.