ரேஸ் கேட்டமரான் மாடலை நாமே கட்டுவது எப்படி?

கேட்டமரான் என்றால் இரண்டு ஹல் (படகின் உடல்) பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்த படகு; இங்கே சொல்வது ரிமோட்டில் ஓட்டும் பாய்மர மாடல். முதலில் அளவு. மினி 40 என்ற பந்தய வகுப்பு என்றால் நீளமும் அகலமும் 1.22 மீட்டரையும், பாயின் பரப்பு 0.90 சதுர மீட்டரையும் தாண்டக்கூடாது.

ஹல் வரையும்போதே நிறைய யோசிக்க வேண்டும். காற்று ஏறினால் ஒரு ஹல் தண்ணீரை விட்டு எழும்பிவிடும், அதனால் மிச்சமிருக்கும் ஒற்றை ஹல்லே முழு எடையையும் தாங்கியாக வேண்டும், அதற்கு மேலும் மிதப்பு கையிருப்பில் வேண்டும், அதுவும் முன்பக்கத்தில். பாய் உயரத்திலிருந்து தள்ளுவதால் மூக்கு அமுங்கும். மெல்லிய மூக்கு பார்க்க அழகுதான், ஆனால் படகு குட்டிக்கரணம் போட்டுவிடும். அடியில் ஈயக்கட்டி கிடையாது, கவிழ்ந்தால் தானாக நிமிராது. பாய்மர உச்சியில் சின்ன மிதவை கட்டினால் முழுக்கத் தலைகீழாகாமலாவது தப்பும்.

பிளைவுட் சட்டங்கள் மேல் பால்சா பட்டைகளை ஒட்டி, தேய்த்து, வெளியே மெல்லிய ஃபைபர் கிளாஸ் துணியை எப்பாக்ஸியில் போர்த்துங்கள். உள்ளேயும் ஒரு கோட் எப்பாக்ஸி, இல்லையென்றால் மரம் தண்ணீர் குடிக்கும்.

அப்புறம் குறுக்குச் சட்டம்: இரண்டு கார்பன் குழாய். சமமான மேஜையில் வைத்து, ஹல்களுக்கு இடையிலான தூரம் முன்னும் பின்னும் ஒன்றா என்று அளந்த பிறகே ஒட்டவும். கொஞ்சம் கோணினாலும் வேகம் போச்சு.

வின்ச் (பாய்க் கயிற்றை இழுத்து விடும் மோட்டார்) ஒரு ஹல்லில் என்றால் பேட்டரி மற்றதில். ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைத் தண்ணீரும் கார்பனும் மறைக்கும், ஆன்டெனாவை மேலே, கார்பனுக்கு வெளியே நீட்டி வையுங்கள்.