பழைய நாணயத்தில் இருப்பது அச்சுப் பிழையா, பின்னாளைய சேதமா?

விசித்திரமாகத் தோன்றும் பழைய நாணயம் ஒன்று கைக்கு வந்ததும் பலர் விலையைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கு முன், இந்த மாறுபாடு நாணயச்சாலைக்குள் நேர்ந்திருக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். வில்லை (உருவம் பதியாத வெற்று உலோகத் தட்டு) வெட்டுதல், அச்சு (உருவத்தைப் பதிக்கும் உலோகக் கருவி) தயாரித்தல், இரு அச்சுகளுக்கிடையே வில்லையை அழுத்துதல் ஆகியவற்றுள் எதனாலும் விளக்க முடியாத மாறுபாடு, பெரும்பாலும் பிற்காலத்து அடியோ தேய்மானமோதான்.

எடையையும் விட்டத்தையும் அளந்து, அதே ஆண்டின் சாதாரண நாணயத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால், பக்கவாட்டு ஒளியில் பாருங்கள்.

மிகுதியும் ஏமாற்றுவது இரட்டை எழுத்துதான். 1955-ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்கள் சிலவற்றில் அச்சே இரட்டையாகப் பதிந்திருந்ததால், ஆண்டும் வாசகமும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரிகின்றன; அங்கே இரண்டாம் உருவமும் முதலாவதைப் போல உருண்டு புடைத்திருக்கும், எழுத்தின் முனைகள் பிளவுபட்டிருக்கும். அழுத்தும் கணத்தில் அச்சு சற்றே நகர்ந்ததால் உண்டாகும் இரட்டிப்போ, எழுத்தின் ஓரத்தில் தட்டையான படிபோல் இருக்கும். அதற்குப் பொதுவாகக் கூடுதல் விலை கிடைப்பதில்லை.

ஓரம் பிறைபோல் வெட்டுண்ட நாணயத்தில், வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் மங்கியிருந்தால், அது வில்லையிலேயே இருந்த குறை என்பதற்கு நல்ல சான்று. 1943-இல் எஃகுக்குப் பதிலாகச் செம்புக் கலவையில் தவறி அச்சான அமெரிக்க சென்ட்டுக்கு, சாதாரண எஃகு சென்ட்டின் மேல் செம்பு முலாம் பூசிய போலிகள் ஏராளம். அவை காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். சுத்தியலால் அடித்து அச்சிட்ட மிகப் பழைய நாணயங்களில் உருவம் நடுவிலிருந்து விலகியிருப்பது இயல்பு என்பதால், அதைப் பிழையென்று எண்ணி மகிழ வேண்டாம்.

இயந்திர நாணயத்தில் விலகல் பாதியளவுக்கு இருந்தும் ஆண்டு முழுமையாகத் தெரிந்தால் மதிப்பு கூடும். இம்மி விலகலுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. பிழையின் வகை, அளவு, நாணயத்தின் நிலை ஆகிய மூன்றும் ஒத்த நாணயங்கள் ஏலத்தில் உண்மையில் விற்ற தொகைகளையே அளவுகோலாகக் கொள்ளுங்கள்; விற்பவர் கேட்கும் தொகை வெறும் ஆசைதான். அந்த மதிப்பு, நாணயத்தைச் சோதித்துத் தரச்சான்று தரும் நிறுவனத்தின் கட்டணத்தைத் தெளிவாகத் தாண்டும்போது மட்டும் சான்றுக்கு அனுப்பலாம். அதுவரை நாணயத்தைத் துலக்காமல், விளிம்பைப் பிடித்தே கையாளுங்கள்.